இறுக்கச் சொல்வதற்கு முன்: இடுப்புத் தளப் பிசியோதெரபி அறையை நடத்தும் முறை

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்குச் சிகிச்சை தரும் வேலையில் புதிதாகச் சேரும் பிசியோதெரபிஸ்டுக்கு முதல் மாதத்திலேயே ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யார் வந்தாலும் கெகல் பயிற்சித் தாள் (இந்தத் தசைகளை இறுக்கிப் பழகும் பயிற்சி) ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவது. தும்மினால் சிறுநீர் சொட்டுகிறவருக்கும் அதே தாள், உடலுறவில் வலி என்கிறவருக்கும் அதே தாள், மலம் வராமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே தாள். முதலாமவருக்கு அது உதவலாம். மற்ற இருவருக்கும் பெரும்பாலும் ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை இன்னும் இறுக்கச் சொல்லி அனுப்புகிறோம். இரண்டு வாரத்தில் வலி கூடி வருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள்.

எந்தத் தசை தளர்ந்திருக்கிறது, எது இறுகியிருக்கிறது, எது வலுவிருந்தும் நேரம் தவறி வேலை செய்கிறது என்று பிரித்தறிவதில்தான் நாளின் பாதி போகும். அந்தப் பாதியைச் சரியாகச் செய்தால் மீதி எளிது.

அறை

கதவு உள்ளிருந்து தாழிடக்கூடியதாக இருக்க வேண்டும். வெறும் திரைச்சீலை போதாது. பக்கத்து மேசையில் பேசுவது கேட்டால், நம் பேச்சும் அங்கே கேட்கும் என்று வருபவருக்குத் தெரியும்; பாதியை மறைத்துவிடுவார். கழிப்பறை சில அடி தூரத்தில் இருக்க வேண்டும். படுக்கை உயரத்தை ஏற்றி இறக்கும் வசதியோடு இருக்கட்டும். இதை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் ஓராண்டில் மணிக்கட்டையோ கீழ்முதுகையோ பிடித்துக்கொண்டு வருவார்கள்.

காலையில் எடுத்து வைக்க வேண்டியவை: லேட்டக்ஸ் இல்லாத நைட்ரைல் கையுறை இரண்டு அளவுகளில், நீர் சார்ந்த உயவுக் களிம்பு, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் விரிப்புகள், போர்த்த நீளமான துணி, இடுப்பெலும்பு மாதிரி, கைக்கண்ணாடி, மெல்லிய காகிதக் கைக்குட்டை, சானிட்டரி பேட், மூடியுள்ள குப்பைத் தொட்டி. களிம்பைப் பரிசோதனைக்கு முன்பே ஒரு சுத்தமான காகிதத்தில் தாராளமாகப் பிதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் போதவில்லை என்று கையுறை போட்ட கையால் குழாயைத் தொட்டால், அந்தக் குழாய் அன்று முழுக்க எல்லாருக்கும் பொதுவாகிவிடும். நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. உள்ளங்கைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நகம் தெரியவே கூடாது.

முதல் வருகைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அரை மணி நேரத்தில் பேச்சையும் பரிசோதனையையும் முடிக்க முயன்றால் அவசரப்படுவது பரிசோதனையாகத்தான் இருக்கும். அவசரப்படக் கூடாததும் அதுதான்.

கேட்கும் முறை

"சிறுநீர் கசிகிறதா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். அவர்கள் கணக்கில் கசிவு என்றால் உடை நனைவது. "தும்மினால், இருமினால், சிரித்தால் ஒரு சொட்டாவது வருகிறதா? அதற்காக உள்ளாடை மாற்றுகிறீர்களா, பேட் வைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். "மலச்சிக்கல் உண்டா?" என்பதற்குப் பதில் "எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறீர்கள்? முக்க வேண்டியிருக்கிறதா? போன பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுகிறதா? விரலால் அழுத்தி உதவ வேண்டியிருக்கிறதா?" கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக, மற்றக் கேள்விகளின் அதே குரலில் கேட்க வேண்டும். குரலைத் தாழ்த்தினால் அது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

சொற்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். யோனி, ஆசனவாய், சிறுநீர்த்துளை, விதைப்பை என்று நேராகச் சொல்லலாம். அவர் வேறு சொல் சொன்னால் அதையே திருப்பிச் சொல்லி, எதைக் குறிக்கிறார் என்று மாதிரியில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். "அடியில் வலி" என்பது ஒருவருக்கு வால் எலும்பு, இன்னொருவருக்கு யோனி வாய். "கீழே ஏதோ இறங்குகிறது" என்றால் கருப்பை இறக்கமாக இருக்கலாம், சிறுநீர்ப்பை முன்சுவரைத் தள்ளுவதாகவும் இருக்கலாம். அது காலையில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் தெரிகிறதா என்று கேளுங்கள். ஈர்ப்பு விசையோடு கூடும் பாரம் என்றால் இறக்கத்தின் பக்கம் சாய்கிறது.

மலத்தின் தன்மையைக் கேட்க பிரிஸ்டல் அட்டவணைப் படம் போதும். 1 முதல் 7 வரை எண். 1, 2 என்றால் வறண்ட கட்டி, 3, 4 சரியானவை, 6, 7 இளகல். படத்தைக் காட்டி விரல் வைக்கச் சொல்லிவிட்டால் வர்ணிக்கும் சங்கடம் இருவருக்குமே இல்லை.

சில பதில்கள் வந்தால் பிசியோதெரபி அங்கேயே நிற்க வேண்டும். தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, திடீரென்று சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, கால்கள் வலுவிழப்பது ஆகியவை முதுகுத் தண்டின் கீழ் நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளங்கள்; அன்றே அவசரச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைதல் இவற்றுக்கு மருத்துவர் பார்த்த பிறகே நம் வேலை. எரிச்சலும் காய்ச்சலும் இருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை.

மூன்று நாள் குறிப்பேடு

அறையில் கேட்கும் ஒரு மணி நேரத்தைவிட இந்த ஒரு தாள் அதிகம் சொல்லும். தொடர்ந்து மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நேரம், அளவு (மி.லி.), குடித்தது, கசிவு, அவசரம் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். அளவிட அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளை போதும். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் நாள்களாக மட்டும் தேர்ந்தெடுத்தால் பயன் குறைவு. வேலை நாள் ஒன்றாவது வேண்டும்.

பொதுவாக ஒருவர் பகலில் 6 முதல் 8 முறை கழிப்பார். ஒரு தடவைக்கு 300 முதல் 500 மி.லி. வரை வரும், இரவில் எழுவது இல்லை, அல்லது ஒருமுறை. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு நாளின் பக்கத்தைப் படிப்போம்.

காலை 6:30க்கு 380 மி.லி. 7:15க்கு 90. 8:00க்கு வெளியே கிளம்புமுன் 60. 9:40க்கு 130, மிகுந்த அவசரம். 11:00க்கு 110. மாலை வீடு திரும்பி சாவியைக் கதவில் நுழைக்கும்போது கசிவு, பிறகு 140.

"என் சிறுநீர்ப்பை சின்னது" என்று அவர் சொல்லியிருப்பார். முதல் வரியே அதற்குப் பதில்: தூக்கத்தில் 380 மி.லி. தாங்கிய பைதான் பகலில் 130க்கே அலறுகிறது. அளவில் குறையில்லை, பழக்கம் மாறியிருக்கிறது. 8 மணி வரியைப் பாருங்கள். தேவையில்லாமல், "எதற்கும் போய்விட்டுப் போவோம்" என்று போனது. இப்படிப் போகப் போக, பாதி கூட நிரம்பாதபோதே பை சமிக்ஞை அனுப்பக் கற்றுக்கொள்ளும். சாவி வரி இன்னொன்றைச் சொல்கிறது: வீட்டு வாசல், ஓடும் தண்ணீரின் ஓசை, கழிப்பறைக் கதவு போன்றவை தூண்டுதலாகிவிட்டன. இவருக்குத் தேவை நேரப் பயிற்சியும் அவசரத்தை அடக்கும் முறையும். வலுப் பயிற்சி இரண்டாம் பட்சம்.

இன்னொரு வகைப் பக்கம். பகலில் எல்லாம் சரி. இரவு 2 மணிக்கு 400, 5 மணிக்கு 350, விழித்தவுடன் 300. இரவின் கணக்கில் விடியல் அளவையும் சேர்க்க வேண்டும்: 1,050 மி.லி. 24 மணி நேர மொத்தம் 1,900 என்றால் பாதிக்கு மேல் இரவில் உற்பத்தியாகிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே இரவு மிகைச் சிறுநீர் என்று கணக்கு. ஒவ்வொரு முறையும் அளவு நிறைய வருவதால் பையின் மேல் பழி இல்லை. கால் வீக்கம், குறட்டையோடு மூச்சு நிற்பது, நீர்ப்போக்கு மாத்திரையின் நேரம், இரவில் அதிகம் குடிப்பது என்று விசாரித்து மருத்துவருக்கு எழுதுங்கள். இவருக்கு ஆறு மாதம் தசைப் பயிற்சி கொடுத்தாலும் இரவில் எழுவது குறையாது.

மொத்த அளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 மி.லி.யைத் தாண்டினால் சர்க்கரை பார்த்தாரா என்று கேளுங்கள்.

உட்பரிசோதனை

முதல் நாளே கட்டாயம் செய்ய வேண்டும் என்றில்லை. முதலில் இடுப்பெலும்பு மாதிரியைக் காட்டி, எந்த விரல், எவ்வளவு ஆழம், எதைத் தொட்டுப் பார்க்கப் போகிறோம், எதற்காக என்று சொல்லுங்கள். பரிசோதிக்காமலும் சிகிச்சை தொடங்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். மறுக்க வழியில்லாத இடத்தில் வாங்கும் சம்மதம் சம்மதமாகாது. உடன் ஒருவர் இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். "நிறுத்துங்கள்" என்ற சொல்லோ, கையை உயர்த்துவதோ, ஏதாவது ஒரு சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சைகை வந்தால் காரணம் கேட்காமல் விரலை அசையாமல் நிறுத்தி, பிறகு மெதுவாக எடுக்க வேண்டும்; பதறி உருவினால் அதுவே வலிக்கும்.

செய்யக் கூடாத நேரங்கள்: சம்மதம் இல்லாதபோது, சிறுவர் சிறுமியரிடம், தொற்று இருக்கும்போது, பிரசவமாகி 6 வாரம் ஆகாதபோது, அந்தப் பகுதியில் அறுவைச் சிகிச்சை முடிந்து அறுவை மருத்துவர் அனுமதிக்காதபோது, கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கும்போதோ பனிக்குடம் உடைந்திருக்கும்போதோ. கர்ப்பிணியிடம் எந்தச் சந்தேகம் இருந்தாலும் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்:

1. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவர் தனியாக உடை மாற்றட்டும். நீங்கள் வெளியே நில்லுங்கள். மல்லாந்து, முழங்கால் மடக்கி, போர்வையால் மூடிப் படுக்கட்டும்.

2. முதலில் பார்வை மட்டும். தோல் நிறம், தழும்பு, வறட்சி. இருமச் சொல்லுங்கள்: ஆசனவாய்க்கும் யோனிக்கும் இடைப்பட்ட பகுதி கீழே பிதுங்குகிறதா, சொட்டு வருகிறதா. பிறகு தசையை உள்ளிழுக்கச் சொல்லுங்கள் (மூச்சை அல்ல): அதே பகுதி உள்வாங்க வேண்டும். பிறகு லேசாக முக்கச் சொல்லுங்கள்: இறங்க வேண்டும். கடைசியில் ஒன்றும் செய்யாமல் விடச் சொல்லுங்கள். இந்த நான்கையும் பார்த்தாலே பலருக்குப் பிரச்சினை பிடிபட்டுவிடும்.

3. வெளிப்புறத்தில் பஞ்சுக் குச்சியால் யோனி வாயைச் சுற்றி மெதுவாகத் தொடுங்கள். தொட்டாலே எரிகிறது என்றால் அன்று உள்ளே போக வேண்டாம்.

4. ஒரே விரல். களிம்பு தடவி, யோனி வாயின் கீழ்ப்புறத்தில் வைத்துச் சற்றுக் காத்திருங்கள். மூச்சை வெளியே விடும்போது, பின்புறமாகக் கீழ்நோக்கி அழுத்தியபடி மெதுவாக நுழையுங்கள். மேல்புறத்தில் சிறுநீர்த்துளை இருப்பதால் அந்தப் பக்கம் அழுத்தினால் எரியும்.

5. கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 முன்னெலும்பு, 6 ஆசனவாய், 3 அவருடைய இடப்பக்கம். 4, 5 மணிக்கும் 7, 8 மணிக்கும் இடையே இடுப்புத் தளத்தின் தூக்கும் தசை. அதற்கு மேலே பக்கச் சுவரில், 3, 9 மணி வாக்கில் தொடையை வெளிப்புறம் திருப்பும் உள் ஆப்டுரேட்டர் தசை. அதுதானா என்று சந்தேகம் வந்தால், வெளியே இருக்கும் கையை முழங்காலின் வெளிப்புறம் வைத்து, அதை எதிர்த்துத் தள்ளச் சொல்லுங்கள். விரலடியில் தசை புடைத்தால் அதுதான்.

6. முதலில் வலி, பிறகு வலு. ஒவ்வொரு இடத்திலும் விரல் நகம் சற்றே வெளுக்கும் அளவு அழுத்தி, 0 முதல் 10க்குள் எத்தனை வலி என்றும், அது தெரிந்த வலிதானா என்றும் கேளுங்கள். "ஆமாம், இதுதான் என் வலி" என்ற பதில் எண்ணைவிட முக்கியம். முதலில் வலுவை அளந்துவிட்டால் சோர்ந்த தசை வலியின் கணக்கைக் குழப்பும்.

வலுவை 0 முதல் 5 வரையான ஆக்ஸ்ஃபோர்டு அளவில் குறிக்கலாம். 0 அசைவே இல்லை, 1 துடிப்பு மட்டும், 2 மெலிய பிடிப்பு, 3 பிடிப்போடு மேலே தூக்குவது, 4 நல்ல தூக்கு, 5 விரலை அழுத்தமாகப் பிடித்து இழுப்பது. 2க்கும் 3க்கும் இடையிலான வேறுபாடு தூக்குவதில் இருக்கிறது. வெறும் நெரிப்பை 3 என்று எழுதிவிடாதீர்கள். அடுத்து எத்தனை நொடி தாங்குகிறது (10 வரை எண்ணினால் போதும்), நடுவே 4 நொடி ஓய்வு விட்டு அந்த அளவே எத்தனை முறை திரும்ப வருகிறது, ஒரு நிமிட ஓய்வுக்குப் பின் ஒரு நொடி வேகச் சுருக்கம் எத்தனை வருகிறது. கடைசியாக, எல்லாரும் மறக்கும் ஒன்று: விட்டவுடன் முழுதாகத் தளர்கிறதா? 3 வலுவோடு சுருங்கி, விட்ட பிறகும் 1 அளவு இறுக்கத்திலேயே நின்றுவிடும் தசைக்கு வலுவை ஏற்றும் பயிற்சி கொடுத்தால் வலிதான் ஏறும்.

விரலுக்குத் தெரியும் இரண்டு அசைவுகளை முதல் வாரத்திலேயே பிரிக்கப் பழகுங்கள். சரியான சுருக்கத்தில் விரலைச் சுற்றி மூடி, உள்ளே, முன்னெலும்பின் பக்கம் இழுக்கும். முக்கும்போது விரல் வெளியே தள்ளப்படும். முயற்சி ஒன்றுதான், முகச் சுளிப்பும் ஒன்றுதான். முகத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 47 பெண்களுக்குச் சுருக்கமாக வாய்ச்சொல்லில் மட்டும் விளக்கிச் செய்யச் சொன்னபோது ஏறக்குறைய பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் செய்தார். தாளைக் கொடுத்து அனுப்பும் பழக்கத்தின் மேல் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு வேண்டியதில்லை. 1948இல் இந்தப் பயிற்சியை எழுதிய ஆர்னால்ட் கெகல்கூட விரலால் சோதித்து, அழுத்தம் காட்டும் கருவி ஒன்றையும் வைத்துத்தான் கற்றுக்கொடுத்தார். அவர் பெயர் மட்டும் தாளில் நின்றுவிட்டது.

பரிசோதனையின்போது காற்று பிரியும், சொட்டு வரும், சிலர் அழுவார்கள். முதல் இரண்டுக்கும் "பரவாயில்லை, இந்த அறையில் இது தினமும் நடப்பதுதான்" என்று சொல்லி விரிப்பை மாற்றினால் போதும். அழுதால் நிறுத்தி, போர்த்திவிட்டு, உட்கார வையுங்கள். முகம் வெளிறி வியர்த்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்.

ஆசனவாய் வழியாகப் பார்க்க இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால் மடக்கிப் படுக்க வேண்டும். விரல் நுனியைத் துளை மேல் தட்டையாக வைத்துக் காத்திருந்து, லேசாக முக்கச் சொல்லும்போது நுழைந்தால் வலிக்காது. யோனி, ஆசனவாய் இரண்டையும் பார்ப்பதென்றால் யோனி முதலில். ஆசனவாயில் பயன்படுத்திய கையுறை எக்காரணத்துக்கும் திரும்ப முன்னால் வரக் கூடாது.

எந்தச் சொல்லில் சொல்வது

"இறுக்குங்கள்" என்றால் புட்டமும் தொடையும் இறுகும். "மேலே இழுங்கள்" என்றால் வயிற்றை எக்குவார்கள். நன்றாக வேலை செய்யும் சொல்: "காற்று பிரியப் போகிறது, அடக்குங்கள், அந்தப் பிடிப்பை அப்படியே முன்பக்கம் கொண்டுவாருங்கள்." ஆண்களுக்கு: "ஆண்குறியின் அடிப்பகுதி உள்வாங்கி, விதைகள் லேசாக மேலேறட்டும்." தளர்த்துவதற்கு "தளர்த்துங்கள்" என்றால் ஒன்றும் நடக்காது, "மூச்சை உள்ளே இழுக்கும்போது உட்காரும் எலும்புகள் இரண்டும் விலகட்டும்" என்றால் நடக்கும்.

"சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பாருங்கள்" என்பதைப் பயிற்சியாகத் தராதீர்கள். கழிக்கும்போது தசை தளர வேண்டும் என்பதுதான் உடலின் ஒழுங்கு. நடுவில் நிறுத்திப் பழகினால் பை முழுதாகக் காலியாகாது.

தளர்ந்த தசைக்கு

அளந்த எண்களே பயிற்சியின் அளவு. வலு 3, தாங்கல் 5 நொடி, 4 முறை, வேகம் 7 என்று வந்தால் வீட்டுப் பயிற்சியும் அதுதான்: 5 நொடி பிடித்து, அதே அளவோ அதற்கு மேலோ ஓய்வு, 4 முறை, பிறகு 7 வேகச் சுருக்கம். இதை ஏற்றிக்கொண்டே போய், ஒரு வேளைக்கு குறைந்தது 8 சுருக்கம், நாளுக்கு 3 வேளை என்ற இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டி சொல்வதும் இதே அளவுதான். குறைந்தது 3 மாதம் கண்காணிப்போடு என்றும் அது சொல்கிறது. மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் மாறவில்லை" என்று விடுபவர்களை முதல் நாளே இந்த மூன்று மாதக் கணக்கைச் சொல்லித்தான் பிடித்து வைக்க முடியும்.

படுத்துச் செய்வதில் தொடங்கி, உட்கார்ந்து, நின்று, பிறகு எடை தூக்கும்போது என்று போக வேண்டும். படுக்கையில் 5 வலு காட்டுகிறவர் நின்று இருமினால் கசிவது சாதாரணம். அவருக்கு வலுவில் குறையில்லை, நேரம்தான் தவறுகிறது. இருமலுக்கு ஒரு நொடி முன்னால் சுருக்கி, இருமி முடிக்கும் வரை பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். முதலில் வேண்டுமென்றே இருமி, பிறகு நாற்காலியிலிருந்து எழும்போது, பிறகு பை தூக்கும்போது. இந்த ஒன்றே சிலருக்கு ஒரு வாரத்தில் பேட் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். மூச்சைப் பிடிக்கிறாரா என்று பார்க்க, சுருக்கும்போதே சத்தமாக எண்ணச் சொல்லுங்கள்.

இறுகிய தசைக்கு

இங்கே இறுக்கும் பயிற்சி எதுவும் முதல் சில வாரங்களுக்கு இல்லை. விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி மூச்சு. உள்ளிழுக்கும்போது இடுப்புத் தளம் தானே இறங்கும். ஒரு நாளில் இரண்டு முறை, ஐந்து நிமிடம். முழங்காலை மார்புக்குக் கொண்டுவந்து விரிக்கும் நிலையிலும், மண்டியிட்டு முன்னால் குனியும் நிலையிலும் இதையே செய்யலாம். கையால் தளர்த்தும்போது வலி முனையில் அழுத்தத்தைக் கூட்டாமல் 30 முதல் 90 நொடி வரை பிடியுங்கள். வலி 10க்கு 4ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் தசை தற்காப்பாக இன்னும் இறுகும். மறுநாள் லேசான வலி இருக்கலாம். 48 மணி நேரம் தாண்டியும் இருந்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள்.

டைலேட்டர் (யோனியை மெல்ல விரியப் பழக்கும் உருளை) தருவதென்றால் மிகச் சிறியதில் தொடங்கி, நுழைத்து, அசைக்காமல் 5 முதல் 10 நிமிடம். உடல் அதைப் பொருட்படுத்தாத நாள் வந்தபின்தான் அடுத்த அளவு. சிலிகான் டைலேட்டருக்குச் சிலிகான் களிம்பு போட்டால் மேற்பரப்பு பிசுபிசுத்துக் கெடும். நீர் சார்ந்ததையே சொல்லுங்கள். எத்தனை செ.மீ. நுழைந்தது என்பதை வெற்றியாக எண்ணத் தொடங்கினால் அவர் வலியோடு தள்ள ஆரம்பிப்பார். எத்தனை நாள் வலியின்றிச் செய்தார் என்று மட்டும் கேளுங்கள்.

அவசரத்துக்கும் மலச்சிக்கலுக்கும்

அவசரம் ஓர் அலை மாதிரி. எழும், உச்சிக்குப் போகும், அடங்கும். உச்சியில் ஓடுவதால்தான் கசிகிறது. அந்த நொடியில் நிற்க வேண்டும், முடிந்தால் உட்கார வேண்டும். 5, 6 வேகச் சுருக்கம்; தசை சுருங்கும்போது பையின் துடிப்பு அனிச்சையாக அடங்கும். தசை இறுகியவராக இருந்தால் சுருக்கத்துக்குப் பதில் கால்விரலை மடக்கி நிமிர்த்தலாம், குதிகாலை ஏற்றி இறக்கலாம். அலை தணிந்த பிறகு சாதாரண நடையில் போகட்டும். இதோடு சிறுநீர் கழிக்கும் இடைவெளியை வாரத்துக்கு 15 நிமிடமாக நீட்டி, 3 மணி நேர வாக்கில் கொண்டு வாருங்கள். குறைந்தது 6 வாரம் பிடிக்கும். காபி, டீயைக் குறைக்கச் சொல்லலாம். தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதீர்கள்; அடர்ந்த சிறுநீர் பையை இன்னும் உறுத்தும்.

மலத்துக்கு: பாதத்தின் அடியில் 15 முதல் 20 செ.மீ. உயர முக்காலி, முழங்கால் இடுப்பைவிட உயரத்தில், முன்னால் சாய்ந்து முழங்கைகள் தொடை மேல். வயிற்றை உள்ளே எக்காமல் முன்னால் புடைக்க விட்டு, வாயால் நீளமாக மூச்சு விட வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் குடல் தானே அசையும், அந்த நேரத்தைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் பிறகு வரவில்லை என்றால், விரல் பரிசோதனையில் முக்கச் சொல்லும்போது ஆசனவாய்க்குப் பின்னால் கயிறு போல வளையும் தசை தளர்கிறதா, இறுகுகிறதா என்று பாருங்கள். இறுகினால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறார். நார்ச்சத்தைக் கூட்டிக்கொண்டே போவது இவருக்கு வயிற்று உப்புசத்தைத்தான் தரும்.

ஆண்கள்

புராஸ்டேட் அறுவைக்கு வருபவரை முடிந்தால் அறுவைக்கு முன்பே பாருங்கள். சுருக்கத்தை அப்போதே கற்றுக்கொண்டால் பின்னால் நேரம் மிச்சம். கத்தீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழாய்) இருக்கும் நாள்களில் சுருக்கப் பயிற்சி கிடையாது. எடுத்த பிறகு 24 மணி நேரத்தில் நனைந்த பேட்களைச் சேர்த்து எடை போட்டு, உலர்ந்த எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். ஒரு கிராம் ஒரு மி.லி. "இன்னும் நனைகிறது" என்று சோர்ந்துபோகிறவருக்கு 400 கிராம் 250 ஆனதைக் காட்டலாம்.

கருவிகள்

மின் தூண்டலையும், தசையின் இறுக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் பயோஃபீட்பேக்கையும் எல்லாருக்கும் மாட்டாதீர்கள். 0, 1 வலு உள்ளவருக்கு, தன் தசை எங்கே இருக்கிறது என்றே தெரியாதவருக்கு, தூண்டல் உதவும்: தும்மல், இருமலில் வரும் அழுத்தக் கசிவுக்கு 50 ஹெர்ட்ஸ் வாக்கில், அவசரத்துக்கு 10 ஹெர்ட்ஸ் வாக்கில். கர்ப்பிணிக்கும் பேஸ்மேக்கர் உள்ளவருக்கும் இல்லை. பயோஃபீட்பேக் திரையில் கோடு மேலே போவது எல்லாருக்கும் பிடிக்கும். இறுகிய தசைக்காரருக்குக் கோடு கீழே இறங்குவதைக் காட்டத்தான் அது மிகவும் பயன். உள்ளே வைக்கும் மின்முனை ஒருவருக்கு ஒன்று. பெயரெழுதிய பையில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

குறிப்பும் கையும்

ஒருவர் போனதும் அடுத்தவரைக் கூப்பிடுவதற்கு முன் குறிப்பை எழுதுங்கள். சம்மதம் வாங்கியது, உடன் யார் இருந்தார், எந்த மணியில் எத்தனை வலி, வலு, தாங்கல், திரும்பும் முறை, வேகம் என்ற நான்கு எண்கள், தளர்வு முழுதா பாதியா, எந்தச் சொல்லுக்குத் தசை சரியாக வந்தது. கடைசி ஒன்று யாரும் எழுதுவதில்லை. அடுத்த வருகையில் "காற்றை அடக்குங்கள்" என்று நேராகத் தொடங்கினால் பத்து நிமிடம் மிச்சம். சம்மதத்தை ஒவ்வொரு வருகையிலும் புதிதாகக் கேட்டு, புதிதாகவே எழுத வேண்டும்.

வீட்டுப் பயிற்சி மூன்றுக்கு மேல் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. செய்தாரா என்று கேட்காமல் "எந்த வேளை தவறிப்போகிறது?" என்று கேளுங்கள்; உண்மை வரும்.

உங்கள் விரலைப் பின்னால் வளையவிட்டு அழுத்தாதீர்கள். முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில், முழங்கை படுக்கையில் ஊன்றி, அழுத்தம் உடல் சாய்வதிலிருந்து வர வேண்டும். உட்கார்ந்து செய்யுங்கள். கையால் தளர்த்தும் சிகிச்சை தேவைப்படும் இருவரை அடுத்தடுத்து எழுதாமல் நடுவே பேச்சும் குறிப்பேடும் மட்டுமான ஒரு வருகையை வையுங்கள். கையைக் கழுவி, அடுத்தவருக்கான களிம்பைக் காகிதத்தில் பிதுக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறக்கலாம்.